சித்திரத்தில் பறந்தவனும் தரையில் விழுந்தவரும்

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம், விடுமுறைக்காக ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த என் மகளின் மகன் என்னைக் கொழும்பில் ஒரு திரையரங்குக்கு இழுத்துச் சென்றான். ஒன்பது வயதுப் பையன். படம், ஜேம்ஸ் கன் இயக்கிய 'சுப்பர்மான்'. இந்த வயதில் எனக்கு அது தேவைதானா என்று வீட்டில் கேட்டார்கள். பத்திரிகைத் தொழிலில் நாற்பது வருடங்களுக்கு மேல் காலந்தள்ளிய ஒருவன், கதாநாயகன் ஒரு பத்திரிகை நிருபராக இருக்கும் படத்தைப் பார்க்க மறுப்பது தொழில்தர்மம் ஆகாது என்று சமாதானம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

படம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே கதாநாயகன் வானத்திலிருந்து பனித்தரையில் வந்து விழுகிறான். வாயில் இரத்தம். எழுந்து நிற்க முடியவில்லை. சீழ்க்கை அடித்துத் தன் நாயை அழைக்கிறான். அந்த நாய் அவனைப் பனியில் இழுத்துச் செல்கிறது. உடைந்த எலும்புகளைச் சூரிய ஒளியின் வலுவால் பொருந்தவைக்கிறார்கள். அப்போது அவன் வலி தாளாமல் அலறுகிறான்.

பேரன் என் காதருகே குனிந்தான். "அம்மப்பா, காட்டூனில இவர் இப்பிடிக் கத்தமாட்டார். விழுந்தாலும் உடன எழும்பிடுவார்" என்றான். அவன் குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

சின்னப் பையனின் அந்தக் குறை எனக்குள் பல வருடங்களாகப் புதைந்து கிடந்த ஒரு விடயத்தைக் கிளறிவிட்டது. காட்டூனில் பிறந்த, அல்லது காட்டூனில் வளர்ந்த அதிமானுட வீரர்களை மனித நடிகர்களை வைத்துப் படமாக்கும்போது என்ன நிகழ்கிறது? எதை இழக்கிறோம், எதைப் பெறுகிறோம்? ஹொலிவூட்காரர்கள் இதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்றுதான் நீண்டகாலம் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1995ஆம் ஆண்டு வரை.

சற்றுப் பின்னால் போய்த் தொடங்குகிறேன்.

சுப்பர்மான் 1938ஆம் ஆண்டில் சித்திரக்கதைச் சஞ்சிகை ஒன்றில் பிறந்தவன். ஜெரி சீகல் எழுத, ஜோ ஷுஸ்ரர் வரைந்தார். அந்தத் தொடக்ககாலக் கதைகளில் அவன் பறக்கவில்லை, பாய்ந்தான். உயர்ந்த கட்டடங்களை ஒரே தாவலில் தாண்டுவான், அவ்வளவுதான். 1941ஆம் ஆண்டு மக்ஸ் பிளைஷர், டேவ் பிளைஷர் என்ற சகோதரர்களிடம் பரமவுண்ட் நிறுவனம் போய், இவனை அசைவூட்டப் படமாக்கித் தாருங்கள் என்று கேட்டது. வேலையைத் தட்டிக்கழிக்கும் நோக்கத்தோடு சகோதரர்கள் மிகப் பெரிய தொகை ஒன்றைக் கேட்டார்களாம். பரமவுண்ட் பேரம் பேசி, முதற்படத்துக்கு 50,000 டொலர் தர ஒப்புக்கொண்டுவிட்டது. பத்து நிமிடக் காட்டூன் ஒன்றுக்கு அக்காலத்தில் அது மலைக்கவைக்கும் தொகை.

அந்தப் பணம் திரையில் தெரிகிறது. 1941 முதல் 1943 வரை மொத்தம் 17 படங்கள் வந்தன. முதல் 9 படங்கள் பிளைஷர் சகோதரர்களின் கூடத்தில் உருவானவை. பதிப்புரிமை காலாவதியாகிவிட்டதால் இன்று எவரும் அவற்றை இணையத்தில் பார்க்கலாம். நிழலும் ஒளியும் விளையாடும் நகரம், இரும்புப் பூதங்கள், அவற்றின் நடுவே நீலமும் சிவப்புமாக ஓர் உருவம். பாய்வது திரையில் நன்றாக அமையவில்லை என்பதால் அவனைப் பறக்கவிட்டார்கள் என்று சினிமா வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து உடைமாற்றும் வழக்கமும் இப்படங்களில் ஒன்றில் தொடங்கியதுதான்.

ஆக, நம்மில் பெரும்பாலோர் மனதில் இருக்கும் சுப்பர்மான் சித்திரக்கதையின் பிள்ளை மட்டுமல்லன், காட்டூனின் பிள்ளையும்கூட.

சரி, காட்டூனில் பறந்தவனை மனிதனாக எப்படிப் பறக்கவைப்பது? 1948ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனத்துக்காக சாம் கற்ஸ்மன் 15 பாகங்கள் கொண்ட தொடர்படம் ஒன்றைத் தயாரித்தார். சிக்கனத்துக்குப் பெயர்போனவர். கேர்க் அலின் என்ற நடிகரைக் கம்பியில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். சரிவரவில்லை. இறுதியில் என்ன செய்தார்கள் தெரியுமா? அலின் ஓடிவந்து கைகளைத் தூக்குவார். உடனே அவர் மறைந்து, அவ்விடத்தில் ஒரு காட்டூன் உருவம் பறந்துபோகும். இறங்கும்போது காட்டூன் ஒரு பாறைக்குப் பின்னால் மறையும். அலின் எழுந்து வருவார்!

இன்று பார்த்தால் சிரிப்பு வரும். எனக்கு இப்போதெல்லாம் சிரிப்போடு கூடவே ஒரு யோசனையும் வருகிறது. மனிதனால் முடியாத இடத்தில் அவர்கள் மனிதனை அகற்றிவிட்டுச் சித்திரத்தை வைத்தார்கள். பெயர்ப்பட்டியலில்கூட அலினின் பெயர் கிடையாது. சுப்பர்மான் என்று மட்டுமே போட்டார்கள். ஆளின் உடம்பு தேவைப்பட்டது, ஆள் தேவைப்படவில்லை.

அதன் பின்னர் முப்பது வருடங்கள். 1978 டிசம்பரில் ரிச்சட் டொனர் இயக்கிய 'சுப்பர்மான்' வெளிவந்தது. ஓரிரு வருடம் கழித்து அதைக் கொழும்பில் பார்த்தேன். அப்போது நான் பத்திரிகைக்குப் புதியவன். சம்பளம் கைக்கு வந்த மறுநாள், சக நிருபர் ஒருவரோடு இரவுக் காட்சிக்குப் போனேன். மனிதன் பறந்தான். கம்பி தெரியவில்லை. காட்டூனும் தெரியவில்லை. படமாக்கும் கருவியையும் பின்னணியை வீழ்த்தும் கருவியையும் ஒரே வேளையில் ஒன்றாக இயங்கவைத்து, அசையாமல் இருக்கும் நடிகர் தூரத்திலிருந்து பறந்து வருவதுபோல் காட்டும் முறையை ஸொரான் பெரிசிச் என்பவர் உருவாக்கியிருந்தார். படத்தின் காட்சி நுட்பங்களுக்கு ஒஸ்கார் சிறப்பு விருதும் கிடைத்தது.

மறுநாள் அலுவலகத்தில் எல்லோரும் பறத்தலைப் பற்றியே பேசினோம். நானும் அதைப் பற்றித்தான் வாரப் பதிப்பில் ஒரு சிறு குறிப்பு எழுதினேன். 'விஞ்ஞானம் வென்றது' என்பது என் முடிவு. அது பாதி உண்மை என்பது எனக்கு அப்போது தெரியாது.

மீதிப் பாதி ஒரு சிறிய காட்சியில் இருந்தது. சுப்பர்மானோடு வானத்தில் உலாவிவிட்டு வந்த லோயிஸ் லேன் தன் அறைக்குள் ஏதோ எடுக்கப் போகிறாள். வெளியே, அவளோடு வேலைசெய்யும் அசட்டு நிருபன் கிளார்க் கென்ற் நிற்கிறான். கூனிய தோள்கள், தடுமாறும் குரல். உண்மையைச் சொல்லிவிட அவனுக்கு ஆசை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறான். முதுகு மெல்ல நிமிர்கிறது. தோள்கள் விரிகின்றன. உயரமே கூடிவிடுகிறது. நம் கண்முன்னாலேயே கிளார்க் மறைந்து சுப்பர்மான் நிற்கிறான். பிறகு மனம் மாறி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீண்டும் கூனிப்போகிறான்.

இதில் எந்தத் தந்திரக் காட்சியும் இல்லை. கிறிஸ்தோபர் ரீவ் என்ற 6 அடி 4 அங்குல உயரமான இளைஞர் தன் முதுகெலும்பால் செய்த வேலை அது. 1941ஆம் ஆண்டுக் காட்டூனிலும் இந்த மாற்றம் உண்டு. அங்கே பட் கொலியர் என்ற குரல்நடிகர், ஒரே வசனத்தின் நடுவில் குரலைச் சட்டென்று தாழ்த்தி அதைக் காட்டுவார். அது குரலின் கெட்டித்தனம். ரீவ் செய்தது உடம்பின் கெட்டித்தனம். மனித நடிகர் ஒருவரை வைத்து இக்கதையைச் சொல்வதற்கு ஒரு நியாயம் உண்டென்றால், என் மட்டில் அது அந்தச் சில விநாடிகள்தாம்.

1995ஆம் ஆண்டுக்கு வருகிறேன்.

அந்த ஏப்ரலில் நாட்டில் மீண்டும் யுத்தம் தொடங்கியிருந்தது. நான் அப்போது கொழும்பில் ஒரு பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். முன்பக்கம் முழுவதும் இரத்தம். ஆதலால் வெளிநாட்டுப் பக்கத்திலாவது வாசகருக்குச் சற்று இளைப்பாறுதல் கொடுக்க வேண்டும் என்பது மேலிடத்து விருப்பம். மே 27ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் குதிரையோட்டப் போட்டி ஒன்றில் ரீவ் குதிரையிலிருந்து தலைகுப்புற விழுந்தார். கழுத்தின் மேல் முள்ளெலும்புகள் முறிந்தன. செய்தி எங்கள் மேசைக்கு வந்தபோது நான் அதைக் கட்டச் செய்தியாக்கினேன். தலைப்பும் என்னுடையதே: 'பறந்தவர் குதிரையிலிருந்து விழுந்தார்!'

ஒப்புநோக்காளர் ஒருவர் அச்சுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். வடமராட்சியைச் சேர்ந்தவர். தேவையில்லாமல் ஒரு சொல் பேசாதவர். பிழை இருந்தால் ஓரத்தில் குறித்துவிட்டுப் போவாரே தவிர, எழுந்து வருவதில்லை.

"அண்ணை, இந்த வியப்புக்குறி வேணுமோ?" என்று கேட்டார். "ஏன், பிழையோ?" என்றேன். "இலக்கணப் பிழை இல்லை. விழுந்தது சுப்பர்மான் இல்லையே அண்ணை. ஒரு மனிசனெல்லோ?" என்றார்.

நேரம் இரவு பத்தைத் தாண்டியிருந்தது. "தலைப்பு எண்டால் ஒரு பிடிப்பு வேணுமெல்லோ" என்று சொல்லிப் படியில் ஒப்பமிட்டுக் கொடுத்தேன். அவர் மறுபேச்சின்றி எடுத்துச் சென்றார். மறுநாள் வியப்புக்குறியோடுதான் பத்திரிகை வந்தது. நல்ல தலைப்பு என்று இரண்டு பேர் பாராட்டவும் செய்தார்கள்.

அவ்வருட இறுதியில் அதே மனிதர் மரண அறிவித்தல் ஒன்றைத் தன் கையால் எழுதிக்கொண்டு வந்தார். அவருடைய மூத்த சகோதரர். பாதை பூட்டியிருந்த காலம். இறந்த செய்தியே பல நாட்கள் கழித்துத்தான் கடிதமாக வந்து சேர்ந்திருந்தது. என்ன வருத்தம் என்று கேட்டேன். சகோதரர் சீவல் தொழிலாளி. பனையிலிருந்து விழுந்து முதுகு முறிந்து, பதினொரு வருடங்கள் படுக்கையிலேயே கிடந்தவர். "அண்ணர் விழுந்த அண்டைக்கும் ஊரில ஒருத்தர் பகிடி விட்டவர். பனை ஏறினவன் பாயில இறங்கிட்டான் எண்டு" என்றார். என் தலைப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மரத்திலிருந்து விழுந்து நடமாட்டம் இழந்தவர்கள் யாழ்ப்பாணத்தின் எத்தனையோ வீடுகளில் இருந்தார்கள். எனக்கு அது தெரியாததல்ல. இருந்தும், மேசைக்கு வந்த செய்தியில் ஒரு மனிதனின் முறிந்த கழுத்தை நான் காணவில்லை. சிவப்புச் சால்வையைத்தான் கண்டேன்.

அந்த வியப்புக்குறியை நான் திரும்பவும் சந்தித்தது, 1997ஆம் ஆண்டு வந்த 'பற்மான் அன் றொபின்' படத்தில்.

அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்னர், 1992இல், அமெரிக்கத் தொலைக்காட்சியில் பற்மான் அசைவூட்டத் தொடர் ஒன்று தொடங்கியது. அதில் போல் டினி எழுதி, புறூஸ் ரிம் இயக்கிய ஓர் அத்தியாயம் மிஸ்டர் பிறீஸ் என்ற வில்லனைப் பற்றியது. பழைய சித்திரக்கதைகளில் அவன் பனித்துப்பாக்கி தூக்கித் திரியும் மூன்றாந்தரத் திருடன். டினி அவனுக்கு நோயுற்ற மனைவி ஒருத்தியைக் கொடுத்தார். மருந்து கண்டுபிடிக்கும்வரை அவளை உறைநிலையில் வைத்துக் காக்கிறான் அந்த விஞ்ஞானி. செலவு அதிகம் என்று நிறுவனத் தலைவர் இயந்திரத்தை நிறுத்தச் சொல்கிறார். அந்தக் கைகலப்பில் அவன் மனைவியையும் இழந்து, குளிரில் மட்டுமே உயிர்வாழும் பிறவியாகவும் ஆகிவிடுகிறான். குரல் கொடுத்தவர் மைக்கல் அன்சாரா. உணர்ச்சியே இல்லாத, உறைந்த குரல். இருபத்திரண்டு நிமிடங்கள். சிறுவர்களுக்கான காட்டூன் என்று நினைத்து ஒளிநாடாவில் பார்க்க உட்கார்ந்த நான், கடைசிக் காட்சியில், சிறைக் கூண்டுக்குள் அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்கும்போது, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். அதன் எழுத்துக்கு எமி விருது கிடைத்தது. அதில் வியப்பில்லை.

1997ஆம் ஆண்டுப் படம் இதே கதையை எடுத்துக்கொண்டது. அதே மனைவி, அதே உறைநிலை. ஜோயல் ஷூமாக்கர் இயக்கம். பிறீஸ் வேடத்தில் ஆர்னல்ட் ஷ்வாஸ்நேகர். அவருடைய ஊதியமே 25 மில்லியன் டொலர் என்று அக்காலத்துச் செய்திகள் கூறின. உலகத்திலேயே பெயர்பெற்ற உடம்பு. அந்த உடம்பை மின்விளக்கு பொருத்திய கவசத்துக்குள் அடைத்து, முகத்துக்கு வெள்ளி பூசி, வாயைத் திறக்கும்போதெல்லாம் குளிரையும் பனியையும் வைத்துச் சிலேடை பேசவிட்டார்கள். திருமண நாளின் படச்சுருளைப் பார்த்து அவன் கலங்கும் காட்சியும் படத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் சிலேடை. துயரப்படும் மனிதனின் வாயில் ஓயாத பகிடி. பார்வையாளர் அழவில்லை, சிரிக்கவுமில்லை. பின்னாளில் இயக்குநரே இரசிகர்களிடம் வருத்தம் தெரிவித்தார். அடுத்த பற்மான் படம் வர 2005ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படத்தைப் பார்த்துவிட்டு நண்பர்கள் திட்டித் தீர்த்தார்கள். நான் சேர்ந்து திட்டவில்லை. 'பறந்தவர் விழுந்தார்' என்று எழுதியவனுக்கு அந்த உரிமை ஏது?

கோடுகளாலும் வர்ணங்களாலும் ஆன ஓர் உருவத்தை மனிதன் என்று நம்பவைக்கக் காட்டூன் கலைஞர்கள் மெனக்கெடுகிறார்கள். அவர்களிடம் உடம்பு இல்லை. ஆகையால் உள்ளத்தைத் தேடிப் போகிறார்கள். உடம்பைக் கையில் வைத்திருக்கும் திரைப்படக்காரர்களோ, பல சமயங்களில் அதைக் கவசத்தாலும் கணினி வர்ணத்தாலும் மூடி மீண்டும் காட்டூனாக்கிவிடுகிறார்கள். 1948இல் கற்ஸ்மன் பணமில்லாமல் செய்ததை இவர்கள் பணத்தைக் கொட்டிச் செய்கிறார்கள்.

எதிர்மாறான உதாரணமும் ஒன்று உண்டு. அதே 1992ஆம் ஆண்டுத் தொடரில் பற்மானுக்குக் குரல் கொடுத்தவர் கெவின் கொன்றோய். முப்பது வருடங்களாகப் பலருக்குப் பற்மான் என்றால் அவர் குரல்தான். முகம் யாருக்கும் தெரியாது. 2019 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் முதன்முறையாக அவரே புறூஸ் வெயினாகத் தோன்றினார். எப்படித் தெரியுமா? வாழ்நாள் முழுவதும் வாங்கிய அடிகளால் உடம்பு தளர்ந்து, உலோகச் சட்டம் ஒன்றின் தாங்கலில் நடமாடும் முதியவராக. காட்டூனில் ஆயிரம் தடவை கூரையிலிருந்து குதித்தவனுக்கு அந்தக் குதிப்புகளின் கணக்கு ஒருநாள் வந்து சேர்கிறது. சில நிமிடக் காட்சிகள்தாம். கொன்றோய் 2022 நவம்பரில் தம்முடைய 66ஆவது வயதில் காலமானார்.

ரீவ், விபத்துக்குப் பிறகு ஒன்பது வருடங்கள் வாழ்ந்தார். மூச்சு விடுவதற்கே இயந்திரம் வேண்டியிருந்தது. 1996 மார்ச்சில் ஒஸ்கார் மேடைக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். அதற்கு அடுத்த வருடம் ஒரு படத்தை இயக்கினார். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கான ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். 2004 ஒக்டோபர் 10ஆம் திகதி இறந்தபோது அவருக்கு வயது 52. அந்தச் செய்தியும் என் மேசைக்கே வந்தது. 'நடிகர் கிறிஸ்தோபர் ரீவ் காலமானார்' என்று எழுதினேன். ஒப்புநோக்காளர் அதற்கு முன்னரே ஓய்வுபெற்றுப் போய்விட்டார். படியைப் பார்க்க அவர் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

2025ஆம் ஆண்டுப் படத்தில், தொலைக்காட்சிச் செய்தியாளராக ஒருவர் சில விநாடிகள் வந்துபோகிறார். வில் ரீவ். கிறிஸ்தோபர் ரீவின் இளைய மகன். தந்தை விழுந்தபோது மூன்று வயதுகூட நிரம்பாதவர். நிஜ வாழ்விலும் செய்தியாளர்தான். நிருபராக நடித்துப் புகழ்பெற்றவரின் பிள்ளை, நிருபராகவே ஆகிவிட்டார்.

வீடு திரும்பும் வழியில் பேரனுக்கு இதைச் சொன்னேன். அவருடைய அப்பாதான் அந்தக் காலத்துச் சுப்பர்மான் என்றேன். குதிரையிலிருந்து விழுந்த கதையையும் சொன்னேன்.

"பிறகு எழும்பினவரோ, அம்மப்பா?"

"இல்லை அப்பு. எழும்பேல்லை."

முச்சக்கர வண்டி வெள்ளவத்தையைத் தாண்டும்வரை அவன் பேசவில்லை. அன்றிரவு அந்தப் பழைய படத்தைப் போட்டுக் காட்டும்படி கேட்டான். பறக்கும் காட்சிகள் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. இன்றைய கணினி வித்தைகளைப் பார்த்த பிள்ளை. ஆனால் லோயிஸ் லேனின் வீட்டில் கிளார்க் கென்ற் கண்ணாடியைக் கழற்றி நிமிரும் இடம் வந்தபோது, சாய்ந்து படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். "அம்மப்பா, திரும்பப் போடுங்கோ" என்றான்.

மூன்று தடவை போட்டோம்.